மெல்லிய ஒட்டுப் போர்வைக்கு நடுவில் என்ன வைப்பது?

மிச்சத் துணிகளைப் பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருப்பீர்கள். வெளிர் ரோஜா, மங்கிய பச்சை, பால் வெள்ளையில் சிறு பூப்போட்டது, துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்துப்போன ஒரு பழைய சட்டை. அவற்றைச் சதுரங்களாக வெட்டி இணைக்கத் தொடங்கியும் இருப்பீர்கள். இயந்திரத்தில் ஓட்டாமல் கையாலேயே தைத்து முடிக்க வேண்டும், புழுக்கமான இரவிலும் போர்த்திக்கொள்ளும்படி லேசாக இருக்க வேண்டும் என்பது ஆசை. உடனே எந்த நூல், எந்த ஊசி, என்ன வடிவம் என்று மனம் ஓடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவாக வேண்டிய ஒன்று உண்டு. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன போகப்போகிறது? அது தெரிந்துவிட்டால் ஊசியின் எண், நூலின் தடிப்பு, வரிகளுக்கு இடையே விடும் இடைவெளி எல்லாம் தாமாக அமைந்துவிடும்.

கையால் நான் தைத்து முடித்த போர்வைகள் ஏழு. லேசாக வேண்டும் என்று நினைத்துத் தொடங்கியவை அவற்றில் நான்கு. நினைத்தபடி வந்தவை இரண்டுதான். மற்ற இரண்டும் அழகாக இருக்கின்றன, ஆனால் கனக்கின்றன. எங்கே தவறியது என்பதை யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தவற்றை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நடுவில் எதுவும் வேண்டாம் என்றால்

இரண்டே அடுக்கு: மேலே ஒட்டுத் துணி, கீழே முழுத் துணி. இதைப் போர்வையாகவே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய தையலால் பிணைத்துவிடுவார்கள். போர்வைக்குப் பஞ்சு கட்டாயமில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டடுக்குப் போர்வை உடலோடு ஒட்டி வழியும். ஊசி தடையில்லாமல் இறங்கும். ஒரே முறையில் ஐந்தாறு தையல்களைக் கோத்து இழுக்கலாம். குறை எங்கே என்றால், இணைப்புகளில்தான். சதுரங்களை இணைக்கும்போது உள்பக்கம் மடிந்து நிற்கும் கால் அங்குல ஓரங்கள் அத்தனையும் வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். அடித்துணியில் பூப்போட்டிருந்தால் அந்தப் பூவும் மேலே நிழலாடும். அடர் நிறங்களில் இது கண்ணுக்குப் படாது. வெளிர் நிறங்களில் முதலில் தெரிவதே இதுதான்.

ஒரு மெல்லிய துணி மட்டும்

நடுவில் ஒரே ஒரு அடுக்கு மஸ்லின் அல்லது 'வாயில்' (voile) துணி வைப்பது அடுத்த வழி. பலமுறை துவைத்து நைந்த, நெருக்கமில்லாத காட்டன் துணியும் போதும். என் இரண்டு வெற்றிகளும் இந்த வகைதான். எடை அவ்வளவாக ஏறாது. இணைப்பு ஓரங்களின் நிழல் முக்கால்வாசி மறைந்துவிடும். தையல் விழும் இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். இரண்டடுக்கில் அது கிடைக்காது. அந்தப் பள்ளம் இருந்தால்தான் கைத்தையல் கைத்தையலாகத் தெரிகிறது.

ஒரு நிபந்தனை. மூன்று அடுக்குகளையும் தைப்பதற்கு முன் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். மூன்றும் வேறு வேறு நெசவு, வேறு வேறு அளவில் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே ஒரு அடுக்கு மற்றொன்றை இழுக்கத் தொடங்கிவிடும். நடுத்துணியாகப் பழைய படுக்கைவிரிப்பைப் போட நினைப்பவர்கள் ஊசியால் ஒருமுறை குத்திப் பாருங்கள். நெருக்கமாக நெய்த விரிப்புகள் ஊசியைப் பிடித்துக்கொள்ளும்; பத்து வரி தைப்பதற்குள் கட்டை விரல் வலி எடுத்துவிடும். அடித்துணிக்கும் இதே சோதனை பொருந்தும்.

ஃபிளானல்

மேற்பரப்பில் மெல்லிய ரோமம் எழுப்பிய துணி இது. பலர் சிபாரிசு செய்வது இதைத்தான். சொறசொறப்பான மேற்பரப்பு இரண்டு துணிகளையும் பிடித்துக்கொள்வதால் அடுக்குகள் நழுவாது, தொடுவதற்கும் இதமாக இருக்கும். ஆனால் "மெல்லியது" என்ற நம்பிக்கையில் வாங்குபவர்கள் ஒரு சதுர மீட்டரை நிறுத்துப் பாருங்கள். ஃபிளானல் மெலிதாகத் தோன்றினாலும் நெசவு அடர்த்தியானது. மெல்லிய பஞ்சு விரிப்பைவிடக் கனமாகவே இருக்கக்கூடும். நன்றாகச் சுருங்கவும் செய்யும், அதனால் இருமுறையாவது துவைக்க வேண்டும். என் கனமான இரண்டில் ஒன்று ஃபிளானல் போர்வை. குளிர்காலத்தில் அதைத்தான் தேடி எடுக்கிறேன், ஆனால் தைத்தது அதற்காக இல்லை.

பருத்திப் பஞ்சு விரிப்பு

சுருளாகவோ மடித்தோ விற்கும் இந்தப் பஞ்சு விரிப்பில் இரண்டு வகை. ஒன்றில் பஞ்சு பிரியாமல் இருக்க மிக மெல்லிய வலை ஒன்றை உள்ளே கோத்திருப்பார்கள். அப்படிப்பட்டதில் தையல் வரிகளுக்கு இடையே 8 முதல் 10 அங்குலம் வரை விடலாம். வலை இல்லாததில் 3, 4 அங்குலத்துக்கு மேல் விட்டால் சில துவைப்புகளில் பஞ்சு உள்ளே கட்டி தட்டிவிடும். எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பெரும்பாலும் உறையிலேயே அச்சிட்டிருக்கும். கைத்தையலுக்கு வலை உள்ள பஞ்சு நல்லதில்லை. ஒவ்வொரு குத்தலிலும் ஊசி எதையோ துளைத்துக்கொண்டு போவது விரலுக்குத் தெரியும். எப்படியும் நெருக்கமாகத் தைக்கப்போகிறோம் என்றால் வலை இல்லாததே மேல்.

பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். பழைய போர்வைகளில் நாம் ரசிக்கிற அந்தச் சுருக்கம் இப்படி வருவதுதான். மேல்துணியை முன்பே துவைத்துவிட்டுப் பஞ்சைத் துவைக்காமல் தைத்தால் சுருக்கம் இன்னும் எடுப்பாக விழும்.

வெளிர் நிறத்தில் தைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வெளுக்காத இயற்கைப் பஞ்சில் பருத்தி விதைத் தோலின் பழுப்புத் துகள்கள் இருக்கும். என் முதல் வெளிர்நிறப் போர்வையில் அதைத்தான் வைத்தேன். தைத்து முடித்துச் சன்னலோரம் பிடித்தபோது பால் வெள்ளைச் சதுரங்களுக்கு அடியில் எள் தூவியதுபோல் புள்ளிகள். அழுக்கென்று நினைத்து இரண்டு முறை துவைத்தேன். உள்ளே இருப்பது எப்படிப் போகும்? வெளிர் நிறம் என்றால் வெளுத்த வெள்ளைப் பஞ்சு மட்டுமே.

கம்பளியும் பாலியெஸ்டரும்

கையால் தைப்பதற்குக் கம்பளிப் பஞ்சைப்போல் சுகமானது வேறில்லை. ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். உப்பி நிற்பதால் தையல் வடிவம் மிக அழகாக எழும்பும், மடித்து வைத்த தடமும் சீக்கிரம் மறைந்துவிடும். பருமனுக்கு எடை குறைவுதான். ஆனால் லேசு வேறு, மெல்லியது வேறு. கம்பளி லேசாக இருக்கும், ஆனால் புஸ்ஸென்று இருக்கும், சூடாகவும் இருக்கும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெந்நீரில் போடக் கூடாது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

பாலியெஸ்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எடையில்லை, உலர்வது சுலபம், எல்லாம் உண்மை. வியர்வையை உறிஞ்சாது. நாளடைவில் அதன் இழைகள் துணி வழியாக மேலே தலைநீட்டி மேற்பரப்பில் பூனை முடிபோலப் படியவும் கூடும். பொறுமையாகக் கையால் தைத்த ஒன்றுக்குள் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எடை சதுரத்தின் அளவிலும் இருக்கிறது

நடுவில் வைப்பதை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எட்டாத கணக்கு இது. 150 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் உள்ள போர்வை 3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள துணியை மேலும் கீழும் வைப்பதாகக் கொள்வோம். அடித்துணி 300 கிராம். மேல்துணியும் 300 கிராம் என்றுதான் நினைப்போம். ஆனால் அதில் இணைப்பு ஓரங்களும் சேர்கின்றன.

தைத்த பின் 6 அங்குலம் நிற்கும் சதுரத்தை ஆறரை அங்குலமாக வெட்டுகிறோம். பரப்பில் இது 17 சதவீதம் அதிகம். 4 அங்குலச் சதுரத்துக்கு ஏறக்குறைய 27 சதவீதம். 2 அங்குலச் சதுரத்துக்கு வந்தால் 56 சதவீதம்! அதாவது 2 அங்குலச் சதுரங்களால் ஆன மேல்துணி சுமார் 470 கிராம், 6 அங்குலச் சதுரங்களால் ஆனது சுமார் 350 கிராம். இடையே உள்ள 120 கிராம் சாதாரணமில்லை. சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள மஸ்லினை நடுவில் முழுதாக விரித்தாலே 180 கிராம்தான் வரும். நடுவில் மஸ்லினுக்கு மாறி மிச்சம் பிடித்த எடையில் ஒரு பெரும் பங்கைச் சின்னச் சதுரங்கள் திரும்ப வாங்கிவிடும்.

எடையோடு போனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் ஒரு இணைப்பு குறுக்கே வந்தால், அங்கே ஊசி மூன்று அடுக்குக்குப் பதில் ஐந்து அடுக்கைத் துளைக்க வேண்டும். தையல் சீராக வராது. வெட்ட இன்னும் துணி மிச்சமிருந்தால் 4 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். சின்னத் துண்டுகள்தான் கையில் இருக்கின்றன என்றால், அவற்றை ஒரு பகுதியில் மட்டும் வைத்து மற்ற இடங்களில் பெரிய துண்டுகளை விடலாம்.

இணைப்பு ஓரங்களை எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போடுகிறோம் என்பதும் வெளிர் நிறங்களில் முக்கியம். எப்போதும் இரண்டில் அடர்ந்த நிறத்தின் பக்கமே மடியுங்கள். அப்படி மடிக்க முடியாத இடத்தில் அடர்நிற ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து நறுக்கிவிட வேண்டும். வெளிர்நிற ஓரம் அதை மூடிக்கொள்ளும். என் போர்வை ஒன்றில் வெளிர் மஞ்சளுக்கு அடியில் ஒரு அரக்குத் துணியின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிகிறது. வருபவர் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் படுகிறது. அந்த அரக்கில் சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன்; ஓரம் எந்தப் பக்கம் மடிகிறது என்று பார்க்கவில்லை.

நுண்தையலா, பெருந்தையலா?

கைத்தையலில் தேர்ந்தவர்கள் ஒரு அங்குலத்துக்குள் மேற்பக்கம் 8 முதல் 12 தையல்கள் வரை விழச் செய்வார்கள். இதற்கு மெழுகு பூசியதுபோன்ற கெட்டியான போர்வைத் தையல் நூலும், 'பிட்வீன்ஸ்' என்ற குட்டை ஊசியும் வேண்டும். இந்த ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி சிறுக்கும். 8 பெரிது, 12 மிகச் சிறிது. மற்றொரு வழி, தடித்த 'பெர்ல் காட்டன்' நூலால் அங்குலத்துக்கு 4 முதல் 6 தையல் போடுவது. நூலிலும் அதே வழக்கம்தான்: எண் 5 தடிமன், 8 நடுத்தரம், 12 மெல்லியது.

உழைப்பைக் கணக்குப் பாருங்கள். நாம் சொன்ன போர்வையில் 2.5 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் வரி ஓட்டினால் 60 வரிகள், மொத்தம் 120 மீட்டர். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் ஏறத்தாழ 47,000 தையல்கள். 5 என்றால் அதில் பாதி.

நேரத்துக்காக மட்டும் நான் பெருந்தையலைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெளிர் நிறங்களில் சதுரத்துக்கும் சதுரத்துக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் பாதிச் சதுரங்கள் ஒன்றாகக் கலந்து தெரியும். அப்படிப்பட்ட மேற்பரப்பில், அதிலும் பூப்போட்ட துணியில், நுண்தையல் காணாமலே போகும். தடித்த நூலின் தையல் அங்கே தனி வரியாக நிற்கிறது. உப்பிய கம்பளிப் பஞ்சென்றால் கதை வேறு. நுண்தையல் விழுத்தும் நிழலே அழகைக் காட்டிவிடும். நடுவில் மெல்லிய துணி மட்டும் இருக்கும் போர்வையில் நிழலுக்கு இடமில்லை, நூல்தான் கண்ணில் பட வேண்டும்.

மெல்லிய துணிக்கு எண் 12 நூல் போதும். துணி கொஞ்சம் கெட்டி என்றால் 8. எண் 5 நூல் வாயில் துணியில் போகும்போது ஓட்டை தெரியும், வேண்டாம். நூலின் நிறத்துக்கு ஒவ்வொரு சதுரத்துக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முழுப் போர்வைக்கும் ஒரே நிறம், வெளிர் சாம்பல் அல்லது தந்த வெள்ளை, துணிகளை ஒன்று சேர்த்துவிடும்.

தைக்கும் விதம் இதுதான். 45 செ.மீ. நூல் வெட்டி நுனியில் சிறு முடிச்சு. தொடங்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை நுழைத்து, அடுக்குகளுக்கு நடுவே ஓட்டித் தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். நூலை மெதுவாகச் சுண்டி இழுத்தால் 'டப்' என்ற மெல்லிய ஒலியோடு முடிச்சு உள்ளே போய்விடும். துளை தெரிந்தால் நகத்தால் துணியை இருபுறமும் நீவிவிட்டால் மூடிக்கொள்ளும். பிறகு இடக்கை விரல் ஒன்று அடியில் காத்திருக்க, நடுவிரல் கவசத்தால் ஊசியின் பின்னைத் தள்ளி, நுனி அடிவிரலில் பட்டதும் ஊசியைச் சாய்த்து மேலே கொண்டுவர வேண்டும். மூன்று நான்கு தையல் ஊசியில் சேர்ந்ததும் இழுங்கள். பஞ்சில்லாத போர்வையில் இறுக்கி இழுத்தால் துணி சுருங்கி வரி நெளிந்துவிடும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கட்டை விரலால் வரியை ஒருமுறை நீவிவிட்டு மேலே தொடருங்கள்.

எந்த வடிவம்?

ஒவ்வொரு சதுரத்துக்கும் உள்ளே கால் அங்குலம் விட்டு ஒரு கட்டம் தைப்பது ஒரு வழி. இணைப்பு ஓரங்களை ஊசி தொடவே வேண்டாம் என்பது இதன் லாபம். ஆனால் சதுரத்துக்குச் சதுரம் தொடங்கி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடு அடுக்கின் வழியாகவே நூலை அடுத்த சதுரத்துக்கு நகர்த்த வேண்டும். விசிறிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் வளைவுகள் ஒட்டுப் போர்வையில் மிக அழகானவை. சதுரங்களின் கறார்த் தன்மை இளகிவிடும். ஆனால் எல்லாத் திசையிலும் இணைப்புகளைக் கடக்க வேண்டிவரும். இதைக் கம்பளி அல்லது பருத்திப் பஞ்சு வைத்த போர்வைக்கே விட்டுவிடுவேன்.

மூலைவிட்டக் கோடுகளைப் பலர் விரும்புகிறார்கள். அவை நேராகச் சதுரத்தின் மூலைகள் வழியாகப் போனால் நான்கு துணிகளின் ஓரங்கள் குவியும் முடிச்சிலேயே ஊசி மாட்டும். மூலையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கோடு போடுங்கள்.

லேசான போர்வைக்கு எனக்குப் பிடித்தது நேர் வரிகள்தான். ஒரு திசை இணைப்புகளுக்கு இணையாக ஓடுவதால் மற்றத் திசை இணைப்புகளை மட்டுமே கடக்கிறோம். சாய்வுத் திசையில் துணி இழுபட்டுக் கோணலாகும் தொல்லையும் இல்லை. இடைவெளி 2.5 முதல் 4 செ.மீ.; அதைவிட நெருக்கமானால் மென்மை போய் விறைப்பு வரும்.

சட்டமும் குறியிடலும்

கம்பளி அல்லது உப்பிய பஞ்சு என்றால் 14 அங்குல வளையச் சட்டம் தேவை. மெல்லிய போர்வையை மடியில் வைத்தே தைக்கலாம். ஆனால் அதற்கு முன் 10 செ.மீ. இடைவெளியில் நீளத்திலும் அகலத்திலும் நூலோட்டிப் பிணைத்துவிட வேண்டும். ஊக்குகள் மெல்லிய துணியில் துளையை விட்டுப்போகும். வளையம் பயன்படுத்தினால் தைக்காத நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

வெளிர் துணியில் பென்சில் கோடு எளிதில் போகாது. சூட்டில் மறையும் பேனாக் கோடு கடுங்குளிரில் திரும்பத் தெரியும். நீரில் கரையும் மையைத் துவைத்துப் போக்குவதற்கு முன் இஸ்திரி போட்டால் நிலைத்துவிடும். மழுங்கிய விளிம்பால் அழுத்தி மடிப்புத் தடம் போட்டு, அதன்மேல் தைப்பதுதான் எனக்கு நம்பிக்கையானது. நேர் வரிக்கு மாஸ்கிங் டேப்பும் பயன்படும். ஒட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும்.

யாருக்கு எது

முதல் போர்வை, பெரும்பாலும் வெப்பமான இடம்: 4 முதல் 6 அங்குலச் சதுரங்கள், நடுவில் மஸ்லின், எண் 12 பெர்ல் நூல், நேர் வரிகள். தொட்டில் குழந்தைக்குச் சிறிதாகத் தைப்பவர்களுக்கும் இதுதான், ஏனெனில் அடிக்கடி துவைக்க நேரும். பழைய போர்வையின் சுருக்கம் வேண்டும், கொஞ்சம் கனம் சேர்ந்தாலும் பரவாயில்லை என்றால் வலையில்லாத வெளுத்த பருத்திப் பஞ்சும் எண் 8 நூலும். நுண்தையலில் கை தேர்ந்தவர், அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை உள்ளவர் கம்பளியை எடுங்கள். இரண்டடுக்கை ஒரே வகை நிறத்தில் முழுத் துணிகளாகத் தைப்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

இன்னும் மனம் தீரவில்லை என்றால் உங்கள் மிச்சத் துணிகளிலிருந்தே 30 செ.மீ. சதுரமாக இரண்டு மாதிரிகள் தையுங்கள். ஒன்றில் மஸ்லின், ஒன்றில் பஞ்சு. இரண்டிலும் குறைந்தது ஒரு இணைப்பு மூலையாவது இருக்கட்டும். துவைத்து, காய்ந்ததும் முன்னங்கையில் போட்டு எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள், இரண்டாக மடித்து அழுத்துங்கள். பிடித்த மாதிரியின் ஓரத்தில் எந்த ஊசி, எந்த நூல், எவ்வளவு இடைவெளி என்று துணிப் பேனாவால் எழுதித் தையல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பாதியில் நின்றுபோன வேலையை ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுக்கும்போது அந்தத் துண்டைத்தான் முதலில் தேடுவீர்கள்.